ஏலக்காய் மாலை மசாலாவா, நகையா? போடியில் கோத்து ஊர் ஊராக விற்க நினைப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு

போடிநாயக்கனூரில் ஒரு கிலோ காய்ந்த ஏலக்காய் வாங்கினால் அது மசாலாப் பொருள். ஜிஎஸ்டி 5%. அதே ஏலக்காயை ஊசி நூலில் கோத்து மாலையாக்கி விற்றால், வரிச் சட்டத்தின் பார்வையில் அது நகை. ஜிஎஸ்டி 3%.

கேட்க வேடிக்கையாகத்தான் இருக்கும். ஆனால், மாலை கோத்து இன்ஸ்டாகிராமிலோ ஆன்லைன் தளத்திலோ விற்று வருமானம் பார்க்க நினைக்கும் ஒருவருக்கு இந்த வித்தியாசம் முக்கியம். யாருக்கு விற்கலாம், எந்த வழியாக விற்கலாம், ஜிஎஸ்டி பதிவு எடுக்கணுமா வேண்டாமா என்பதெல்லாம் இதை வைத்தே முடிவாகிறது. மூணாறில் இருக்கும் வாடிக்கையாளரைவிட சென்னையில் இருப்பவருக்கு விற்பது எளிது என்ற விசித்திரமும் இதில்தான் வருகிறது.

ஏலக்காய் எப்படி நகை ஆனது?

பொருள்களை வரிக்காக வகைப்படுத்த உலகம் முழுக்க எச்எஸ் குறியீடு என்ற எண் முறை பயன்படுகிறது. இந்தியாவில் ஏலக்காயின் எண் 0908. ஜாதிக்காய், ஜாதிபத்திரியும் இதே வீட்டில்தான் இருக்கின்றன. தங்கம், வெள்ளி, ரத்தினம் எல்லாம் 71வது அத்தியாயம். அந்த அத்தியாயத்தின் கடைசிப் பகுதியில் வரும் 7117 என்ற எண், விலையுயர்ந்த உலோகம் இல்லாத நகைகளுக்கானது. கடைத்தெருவில் கவரிங், இமிடேஷன், ஃபேன்சி நகை என்று சொல்கிறோமே, அதுதான்.

2018 அக்டோபரில் மத்திய அரசு, ஜிஎஸ்டி சலுகைக்காகக் கைவினைப் பொருள்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. அதில் 7117க்கு நேராக, கையால் செய்த இமிடேஷன் நகைகள் இடம்பெற்றன. அதற்குள் அடங்குபவை என்று மூன்று பொருள்கள் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டன: இயற்கை விதைகளில் செய்த நகை, மணி நகை, ஏலக்காய் மாலை.

அதாவது குண்டுமணி கோத்த மாலையும், பாசிமணி மாலையும், ஏலக்காய் மாலையும் ஒரே வரிசை. கடற்கரையில் பொறுக்கிய, அலை தேய்த்து வழவழப்பாக்கிய கண்ணாடித் துண்டில் கம்மல் செய்து விற்பவரும் பொதுவாக இதே 7117க்குள்தான் வருவார். மூலப்பொருள் காட்டில் விளைந்ததா, கடலில் கிடைத்ததா என்பது இங்கே கேள்வி இல்லை. கையால் செய்த அணிகலனா என்பதுதான் கேள்வி.

தங்கச் சங்கிலிக்கும் 3%, ஏலக்காய் மாலைக்கும் 3%. வரி விகிதத்தில் இரண்டும் சமம். மற்ற விஷயங்களில் சமமா? அதைப் பிறகு பார்க்கலாம்.

போடிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

ஏலமலை என்று அழைக்கப்படும் மலைத்தொடரின் பெரும்பகுதி கேரளாவின் இடுக்கி மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால் அதன் கிழக்கு அடிவாரத்தில், தேனி மாவட்டத்தில் இருக்கும் போடிதான் அந்த ஏலக்காயின் முக்கியச் சந்தை. ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலம் நடப்பது இரண்டே இடங்களில்: ஒன்று இடுக்கியின் புத்தடி, இன்னொன்று போடி. ஏலத்துக்கு ஏலம் விடும் ஊர்!

மலையில் பறித்த பச்சைக் காய், ‘ஸ்டோர்’ எனப்படும் உலர்த்தும் கூடத்தில் காய்ந்து, ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு எடைக்கு வருகிறது. பிறகு சல்லடையில் மில்லிமீட்டர் கணக்கில் சலித்து, நிறம் பார்த்து, வெடித்த காயைத் தனியே ஒதுக்குகிறார்கள். 8 மி.மீ.க்கு மேற்பட்ட, பச்சை மாறாத முழுக் காய்க்கு நல்ல விலை. இந்தப் பிரிக்கும் வேலையில் பெண்களின் கைதான் அதிகம். விடியும் முன்பே தேனி மாவட்டத்து ஊர்களிலிருந்து ஜீப்பில் ஏறி, போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக இடுக்கித் தோட்டங்களுக்குப் போய் காய் எடுப்பவர்களிலும் பெண்களே அதிகம்.

பறிப்பதற்குக் கூலி, பிரிப்பதற்குக் கூலி. அதன் பிறகு ஏலக்காய் மூட்டையாகி வெளியூர் போய்விடுகிறது. மதிப்பு கூடுவது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். மாலை கோப்பது என்பது, அந்த மதிப்பில் ஒரு பகுதியை ஊரிலேயே நிறுத்தக்கூடிய வேலைகளில் ஒன்று. பெரிய இயந்திரம் வேண்டாம், மலையேற வேண்டாம், வீட்டிலிருந்தே செய்யலாம். சம அளவுள்ள காயைத் தேர்ந்தெடுக்கும் கண் வேண்டும். தோல் வெடிக்காமல் ஊசி ஏற்றும் கை வேண்டும். ஏலக்காய் பிரித்துப் பழகியவர்களுக்கு முதலாவது ஏற்கெனவே இருக்கிறது.

யார் வாங்குகிறார்கள்?

கல்விக் கடவுளாக வணங்கப்படும் ஹயக்ரீவருக்கு ஏலக்காய் மாலை சாற்றும் வழக்கம் தமிழ்நாட்டில் பரவலாக இருக்கிறது. பரீட்சை சமயத்தில் இதற்குத் தேவை கூடும். கல்யாணம், வளைகாப்பு, வரவேற்பு, அரசியல் மேடை எனப் பிற சந்தர்ப்பங்களும் உண்டு. பூமாலை மறுநாள் வாடிவிடும். ஏலக்காய் மாலை மாதக்கணக்கில் இருக்கும். தபாலில் வெளியூருக்கு அனுப்ப முடிவதற்கும் அதுதான் காரணம்.

இதில் முன்னோடி ஊர் கர்நாடகத்தின் ஹாவேரி. ஏலக்காய் மணக்கும் ஊர் என்றே அதைக் கன்னடத்தில் சொல்வார்கள். ஹாவேரியின் பெயர் தோட்டத்தால் வந்ததைவிட ஏலக்காய் வணிகத்தால் வந்தது. அங்கே தலைமுறைகளாக ஏலக்காய் மாலை கோத்து, அதை ஊரின் அடையாளமாகவே மாற்றியிருக்கிறார்கள். விளையும் இடத்தைவிட கோக்கும் இடத்துக்குப் பெயர் கிடைக்க முடியும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

ஒரு மாலையில் கைவேலையின் பங்கு எவ்வளவு?

இங்கேதான் உண்மையான சிக்கல். ஏலக்காய் விலை ஏறி இறங்கும் வேகம் அப்படி.

2018 வெள்ளத்திலும் அடுத்து வந்த வறட்சியிலும் இடுக்கித் தோட்டங்கள் அடிவாங்க, 2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் ஒரு கிலோ அதிகபட்சமாக 7,000 ரூபாய்க்குப் போனது. இரண்டரை ஆண்டில் நிலைமை தலைகீழ். 2022 தொடக்கத்தில் சராசரி விலை 1,000 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. 2024 கோடை வெப்பத்தில் தோட்டங்கள் மீண்டும் கருக, விலை மறுபடி ஏறி, பெரும்பாலும் 2,000 முதல் 3,000 ரூபாய்க்குள் நின்றது. உலகிலேயே அதிகம் விளைவிக்கும் குவாத்தமாலாவில் அறுவடை எப்படி என்பதும் போடி விலையைத் தொடும்.

இதை 250 கிராம் மாலை ஒன்றுக்குப் பொருத்திப் பார்க்கலாம். கோப்பது, பெட்டி, லாபம் எல்லாவற்றுக்கும் சேர்த்து 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். (இது கணக்கு புரிவதற்கான உதாரணம் மட்டும். தேர்ந்தெடுத்த பெரிய காய்க்கு ஏல சராசரியைவிட விலை கூடுதலாகவே இருக்கும்.)

- கிலோ 900 ரூபாய் என்றால்: காய்க்கு 225, மாலை விலை 725. இதில் கைவேலையின் பங்கு சுமார் 69%.
- கிலோ 2,500 ரூபாய் என்றால்: காய்க்கு 625, மாலை விலை 1,125. கைவேலையின் பங்கு சுமார் 44%.
- கிலோ 7,000 ரூபாய் என்றால்: காய்க்கு 1,750, மாலை விலை 2,250. கைவேலையின் பங்கு சுமார் 22%.

கைவேலை அதேதான், நேரம் அதேதான். ஆனால் காய் விலை ஏறும்போது, மாலை விலை மூன்று மடங்காகிவிடுகிறது. வாங்குபவர் பேரம் பேசுவார். அப்போது குறைவது எது? காய்க்காரருக்கு ஏற்கெனவே பணம் கொடுத்தாகிவிட்டது. குறையப்போவது அந்த 500 ரூபாய்தான்.

எடை போட்டு விற்கும்வரை ஏலக்காய் மாலை மசாலாவாகவே இருக்கும். நகைக்கடையில் தங்கத்துக்குத் தனி, செய்கூலிக்குத் தனி என்று பில் போடுகிறார்கள் அல்லவா? அதே முறைதான் இங்கும் பொருந்தும். காய் விலை அன்றைய நிலவரப்படி, கைவேலைக்கு நிலையான கட்டணம் என்று பிரித்துச் சொன்னால், விலை ஏற்றத்தின் சுமை கூலியின் மேல் விழாது. இன்னொரு வழி, காய் எண்ணிக்கையைக் குறைத்து நடுவில் மணி, ஜரிகை, பட்டு நூல் சேர்த்து வடிவமைப்பைக் கூட்டுவது.

கூலிக்குக் கோப்பதா, சொந்தமாக விற்பதா?

இரண்டுக்கும் சாதக பாதகம் உண்டு. வியாபாரி காய் கொடுத்து, மாலைக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்தால், விலை சரியும் ஆபத்து அவருடையது. முதலீடும் வேண்டாம். ஆனால் வாடிக்கையாளரும் பெயரும் அவருக்கே போகும். விலை ஏறினாலும் கூலி ஏறாது.

சொந்தமாக விற்றால் லாபம் தன்னுடையது, நஷ்டமும்தான். கிலோ 2,500க்கு வாங்கி வைத்த காய் அடுத்த மாதம் 1,800க்கு இறங்கினால், கையில் இருக்கும் சரக்கின் மதிப்பும் இறங்கிவிடும். அதனால் ஆர்டர் வந்த பிறகு காய் வாங்குவது சிறு விற்பனையாளருக்குப் பாதுகாப்பு. ஏலச் சந்தை பக்கத்திலேயே இருப்பதால், சென்னையிலோ பெங்களூரிலோ இருப்பவரைவிட போடியில் இருப்பவருக்கு இது எளிது.

சரி, ஆன்லைனில் விற்கலாமா?

விற்கலாம். ஆனால் எங்கே, எப்படி என்பதைப் பொறுத்து விதி மாறும்.

1. தமிழ்நாட்டுக்குள் நேரடி விற்பனை: பொருள் மட்டும் விற்பவர்களுக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்து, யுபிஐயில் பணம் வாங்கி, பார்சல் அனுப்புவது இந்த வகை.

2. தமிழ்நாட்டுக்குள் ஆன்லைன் தளம் வழியாக: அமேசான், ஃப்ளிப்கார்ட், மீஷோ போன்ற தளங்களில் விற்க முன்பு எல்லோருக்கும் பதிவு கட்டாயம். 2023 அக்டோபர் 1 முதல் இது தளர்ந்தது. மேற்சொன்ன வரம்புக்குள் இருப்பவர், பான் எண்ணுடன் ஜிஎஸ்டி இணையதளத்தில் ஒரு சேர்க்கை எண் வாங்கிக்கொண்டு விற்கலாம். ஆனால் தன் மாநிலத்துக்குள் மட்டும்.

3. வெளிமாநிலத்துக்கு நேரடி விற்பனை: வழக்கமாக, மாநில எல்லை தாண்டிப் பொருள் விற்றால் ஒரு ரூபாய்க்கு விற்றாலும் பதிவு வேண்டும். கைவினைப் பொருளுக்கு மட்டும் இதில் விலக்கு. ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால், பான் எண்ணும் இ-வே பில்லும் போதும். ஏலக்காய் மாலை பட்டியலில் பெயர் சொல்லி இருப்பதன் பலன் இங்கேதான் கிடைக்கிறது. வெளிமாநிலக் கண்காட்சியில் தற்காலிகமாகக் கடை போடுபவருக்கும் இதே போன்ற விலக்கு உண்டு. உதிரி ஏலக்காய் விற்பவருக்கு இது கிடையாது.

4. வெளிமாநிலத்துக்கு ஆன்லைன் தளம் வழியாக: இங்கே கதவு மூடிவிடுகிறது. பதிவு கட்டாயம்.

இப்போது போடியை வரைபடத்தில் பாருங்கள். 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. அங்கே கேரள எல்லை வந்துவிடும். மூணாறு சுமார் 70 கிலோமீட்டர். சென்னை 500 கிலோமீட்டருக்கு மேல். பதிவு இல்லாத ஒருவர் ஆன்லைன் தளத்தில் சென்னைக்கு விற்கலாம். மூணாறுக்கு விற்க முடியாது. ஏலக்காய் விளைந்து இறங்கிவந்த அதே மலைக்கு, மாலையாகத் திரும்பப் போக வழி இல்லை.

600 ரூபாய் மாலைக்கும் இ-வே பில்லா?

ஆமாம். இ-வே பில் என்பது சரக்கு அனுப்புவதற்கான மின்னணு ரசீது. பொதுவாக மாநிலம் தாண்டும்போது சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால்தான் தேவை. ஆனால் பதிவு விலக்கு பெற்றவர் கைவினைப் பொருளை வெளிமாநிலத்துக்கு அனுப்பினால், மதிப்பு எவ்வளவாக இருந்தாலும் இ-வே பில் போட வேண்டும் என்கிறது விதி.

தங்க நகைக்கும் ஏலக்காய் மாலைக்கும் வரி சமம் என்று பார்த்தோம். இந்த இடத்தில் சமம் இல்லை. தேசிய அளவிலான விதியில் தங்கம், வெள்ளி நகைகள் இ-வே பில்லிலிருந்து விலக்கு பெற்ற பட்டியலில் இருக்கின்றன. 2022 டிசம்பரில் செய்த திருத்தத்தில், அந்த விலக்கு இமிடேஷன் நகைக்குப் பொருந்தாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்.

சிறு விற்பனையாளருக்கு ஒரு நடைமுறை வழி இருக்கிறது. அஞ்சல் துறை எடுத்துச் செல்லும் தபால் பைகளும் அதே விலக்குப் பட்டியலில் உள்ளன. ஆகவே தனியார் கூரியரைவிட தபால் அலுவலகம் வழியாக அனுப்புவது, ஒன்றிரண்டு மாலை அனுப்புபவருக்குத் தலைவலி குறைவு.

அப்போ பதிவு எடுத்துவிட்டால் என்ன?

எடுக்கலாம், கட்டணம் இல்லை. 2025 நவம்பர் 1 முதல், சிறு வணிகர்களுக்கு 3 வேலை நாளில் பதிவு கிடைக்கும் எளிய முறையும் வந்திருக்கிறது. செலவு வருவது அதற்குப் பிறகு. விற்பனை இல்லாத காலத்திலும் ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டும். தாமதமானால் அபராதம். பெரும்பாலானோர் ஆடிட்டர் அல்லது வரி ஆலோசகரிடம் போக வேண்டியிருக்கும்.

பலனும் உண்டு. காய் வாங்கும்போது கட்டிய 5% வரியை, மாலை விற்கும்போது வசூலிக்கும் 3% வரியில் கழித்துக்கொள்ளலாம். மேலே பார்த்த 1,125 ரூபாய் மாலையில், காய்க்குக் கட்டியது 31.25 ரூபாய், விற்பனை வரி 33.75 ரூபாய். கட்ட வேண்டியது இரண்டரை ரூபாய்தான். காய் கிலோ 7,000 ஆனால், கட்டியது 87.50, வசூலிப்பது 67.50. 20 ரூபாய் அரசிடம் நின்றுவிடும். இதைத் திரும்பக் கேட்க சட்டத்தில் வழி இருக்கிறது, ஆனால் அதற்கும் தனி விண்ணப்பம், தனி நடைமுறை.

பதிவு இல்லாதவருக்கு இந்தக் கழிவு கிடையாது. அந்த 5% அவருடைய செலவோடு செலவு.

மாலையை ஜடையில் வைத்தால்?

இளைய வாடிக்கையாளர்கள் கேட்பது மாலை மட்டும் இல்லை. ஏலக்காய் பதித்த கம்மல், வளைகாப்புக்கு நெற்றிச்சுட்டி, ஜடைக்கு வைக்கும் அலங்காரம், கிளிப் எல்லாம் கேட்கிறார்கள். இங்கே இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. ஹேர் கிளிப், கொண்டை ஊசி, சீப்பு வகைகள் சர்வதேச விதிப்படி இமிடேஷன் நகையில் சேராது. அவற்றுக்குத் தனி எண், 9615. 2025 செப்டம்பர் 22க்கு முன் வரி 12%, இப்போது 5%.

ஒரே ஏலக்காய், கழுத்தில் இருந்தால் 3%. கிளிப்பில் ஒட்டினால் 5%. வரி வித்தியாசம் சிறியதுதான். ஆனால் ஏலக்காய் மாலைக்குப் பெயர் சொல்லிக் கிடைத்த பாதுகாப்பு கிளிப்புக்குத் தானாக வந்துவிடாது. கையால் செய்தது, அலங்கார வேலைப்பாடு கொண்டது, இயந்திரத் தயாரிப்பிலிருந்து வேறுபட்டது என்ற கைவினைப் பொருளின் பொது இலக்கணத்துக்குள் அது பொருந்துகிறதா என்று தனியே பார்க்க வேண்டும். வெளிமாநிலத்துக்கு அனுப்பும் முன் ஆலோசகரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

விசேஷம் முடிந்த பிறகு பாயசத்தில் போடலாமா?

வாங்குபவர்கள் கட்டாயம் கேட்கும் கேள்வி இது. பசை, வண்ணப் பூச்சு, மினுமினுப்பு எதுவும் சேர்க்காமல் வெறும் நூலில் கோத்திருந்தால் காய் கெட்டுப்போகக் காரணம் இல்லை. அலங்காரத்துக்காக இவற்றைச் சேர்த்திருந்தால் சமையலுக்கு எடுக்கக் கூடாது. ‘பிறகு சமையலுக்கும் பயன்படுத்தலாம்’ என்று சொல்லி விற்றால், அந்த நிமிடமே அது உணவுப் பொருளாகவும் ஆகிவிடுகிறது. எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவைப் பற்றி யோசிக்க வேண்டிவரும். விற்பவர் இரண்டில் ஒன்றைத் தெளிவாக அட்டையில் எழுதிவிடுவது இருவருக்கும் நல்லது.

வெயில் பட்டால் பச்சை நிறம் வெளுக்கும். காற்றுப் புகாத பையில், வெளிச்சம் படாமல் வைக்க வேண்டும். ஏலக்காய் மூட்டைக்குள் கறுப்பு பாலித்தீன் உறை போடுவதும் இதற்காகத்தான்.

அரசு உதவி கிடைக்குமா?

மத்திய அரசின் பிஎம் விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களில் மாலை கட்டுபவரும் உண்டு. ஆனால் அது குலத்தொழிலை ஊக்குவிப்பதாகச் சொல்லி, அதன் தற்போதைய வடிவில் செயல்படுத்த மாட்டோம் என்று தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் அறிவித்தது. அதற்குப் பதிலாக 2025 ஏப்ரலில் கலைஞர் கைவினைத் திட்டம் தொடங்கப்பட்டது. 25 வகைத் தொழில்கள், 3 லட்சம் ரூபாய் வரை கடன், 25% மானியம், அதிகபட்சம் 50,000 ரூபாய். நகை செய்தல், பூத்தொடுத்தல், பாசிமணி வேலைப்பாடு பட்டியலில் உள்ளன. குறைந்தபட்ச வயது 35 என்பதால், இருபதுகளில் தொழில் தொடங்க நினைக்கும் பெண்ணுக்கு இந்தக் கதவு திறக்காது. அவர்களுக்கு மகளிர் சுய உதவிக் குழு ஒரு வழி.

புவிசார் குறியீடு இன்னொரு வாய்ப்பு. மாலைக்கு அது கிடைக்குமா என்ற சந்தேகம் இனி வேண்டாம். குமரி மாவட்டத்தின் தோவாளை மாணிக்க மாலை 2025ல் அதை வாங்கிவிட்டது. தேனி மாவட்டத்திலேயே கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023ல் கிடைத்தது. ஆனால் குறியீடு கேட்க, இந்த ஊருக்கே உரிய தனிக் கோப்பு முறையும் அதைச் செய்யும் கைகளும் இருப்பதைக் காட்ட வேண்டும். ஹாவேரியிடம் அது இருக்கிறது.

இனி என்ன?

சட்டம் ஏலக்காய் மாலையைக் கைவினைப் பொருளாக ஏற்று, நேரடியாக விற்றால் 20 லட்சம் வரை எல்லை தாண்ட அனுமதித்துவிட்டது. கண்காட்சியில் கடை போட்டால் சரி, தபாலில் போட்டால் சரி. அதே மாலை, அதே விற்பனையாளர், அதே 20 லட்சத்துக்குள், ஆன்லைன் தளத்தில் மட்டும் ஏன் கூடாது என்பதற்குச் சிறு கைவினைஞர் நோக்கில் வலுவான காரணம் தெரியவில்லை. ஏற்கெனவே பான் எண்ணும் சேர்க்கை எண்ணும் வாங்குகிறார்கள். ஒவ்வொரு விற்பனையும் தளத்தின் கணக்கில் பதிவாகிறது. வாட்ஸ்அப் விற்பனையைவிட இதைக் கண்காணிப்பது அரசுக்கு எளிது. இந்த ஒரு விலக்கை நீட்டிப்பது ஜிஎஸ்டி கவுன்சிலின் கையில் இருக்கிறது.

அதுவரை, போடியிலிருந்து தொடங்க நினைப்பவருக்கு நடைமுறை இதுதான்: ஆர்டர் வந்த பிறகு காய் வாங்குங்கள். காய் விலையையும் கைவேலையையும் தனித்தனியே பில்லில் காட்டுங்கள். தமிழ்நாட்டுக்குள் தளம் வழியாக விற்பதா, வெளிமாநிலத்துக்கு நேரடியாகத் தபாலில் அனுப்புவதா என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். ஏனென்றால் சேர்க்கை எண்ணில் தளத்தில் விற்பவர் வெளிமாநிலத்துக்கு விற்கவே கூடாது என்பது நிபந்தனை. இரண்டும் வேண்டும் என்றால், பதிவு எடுத்துத்தான் ஆக வேண்டும்.